முகம் திருப்பும் பாடம்

ஓய்வு பெற்ற பிறகு, நான் வேலை பார்த்த குழந்தைகள் மையத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் யாருக்காவது பிரிவு உபசாரம் என்றோ, கிறிஸ்துமஸ் கேக் வெட்டுகிறோம் என்றோ இருக்கும். போன மாதம் வந்தது வேறு மாதிரி. பெற்றோர் பயிற்சி இனி செல்போன் செயலியில் நடக்கப்போகிறதாம். பிள்ளையை இழுத்துக்கொண்டு யாரும் பஸ் ஏறி மதுரைக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே படம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். "தமிழ் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க மேடம்" என்று அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். எனக்கும் பொழுது போகவேண்டுமே என்று ஒப்புக்கொண்டேன்.

தமிழில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது மூன்றாவது படத்தில். கார்ட்டூன் பிள்ளை ஒன்று தரையில் புரண்டு கத்துகிறது. கார்ட்டூன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிள்ளை அடங்குகிறது. கைதட்டும் சத்தம் கேட்கிறது, அடுத்த பாடத்துக்குப் போகச் சொல்லி ஒரு பச்சைப் பொத்தான் வந்து நிற்கிறது. அந்த அம்மா கடைசி வரை பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "படம் பாதியில நிக்குதேம்மா" என்றேன்.

"இல்ல மேடம், அம்புட்டுத்தான்" என்றாள்.

அம்புட்டுத்தான் இல்லை. அதை அவளிடம் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அடங்காத பிள்ளைகளையெல்லாம் என் வகுப்பில் கொண்டுவந்து தள்ளுவார்கள். எனக்குக் கை நீளாது, வாய் நீளம். அந்தப் பிள்ளைகளுக்காகத் தலைமையாசிரியரோடு சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஒரு படிப்புப் படித்து, எமிலி டாக்டரின் மையத்தில் பெற்றோர் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். பிடிவாதம், அடிதடி, பயம், பேசாமை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் மருந்து கொடுப்பது குறைவு. பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றவர்களுக்குப் பாடம் எடுப்போம். "கோளாறு புள்ளைக்கா எங்களுக்கா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு.

எமிலி டாக்டர் அதட்டி நான் கேட்டதில்லை. யாராவது பேசினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்பார். உருப்படியாக ஏதாவது காதில் விழுந்தால் எடுத்து மாட்டிக்கொள்வார். மாட்டாமலே "சரி, அப்புறம்?" என்றால் நாம் சொன்னது ஒன்றுக்கும் ஆகவில்லை என்று அர்த்தம். சேர்ந்த புதிதில் அவரை மூக்குக் கண்ணாடியோடு பார்த்ததே எனக்கு அபூர்வம்.

பாடம் நடக்கும் அறையில் ஒரு பாய், மரக்கட்டைகள், மண் சொப்புகள், ஒரு பொம்மை. ஒரு சுவரில் பெரிய கண்ணாடி இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, அடுத்த அறையில் இருக்கும் எங்களுக்கு அது ஜன்னல். அம்மா பாயில் பிள்ளையோடு உட்காருவாள். அவள் செல்போனை இடுப்பில் செருகி, இயர்போனை ஒரு காதில் மாட்டிவிடுவோம். நான் இந்தப் பக்கம் நின்று அவளுக்குப் போன் போட்டு, என்ன பேசவேண்டும் என்று காதுக்குள் சொல்வேன். பிள்ளைக்கு என் குரல் கேட்காது. நான் சொல்வதெல்லாம் அம்மாவின் வாயிலிருந்து, அம்மாவின் குரலில்தான் அதற்குப் போய்ச் சேரும்.

முதல் பாடம் கேட்க எளிது. விளையாடும்போது கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, "வேணாம்" என்று சொல்லக் கூடாது. பிள்ளை என்ன செய்கிறதோ அதை அப்படியே வாயால் சொல்லிக்கொண்டு வரவேண்டும். நம் ஊரில் கேள்வி கேட்காமல் யாருக்குப் பேசத் தெரியும்? திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "தம்பி கட்டைய எடுக்குறான். வாயில வைக்கிறான். கடிக்கிறான். நல்லாக் கடிக்கிறான்" என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த நொடி "துப்புடா நாயே" என்றாள். இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இரண்டாவது, பாராட்டுவது. மூஞ்சிக்கு நேரே பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணு பட்டுவிடும் என்று பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். "புகழட்டும், கையோட திருஷ்டியும் கழிக்கட்டும். யாரு வேணாம்னா?" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் பாய் அறையில் பாராட்டும் நெட்டி முறிக்கும் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

மூன்றாவதுதான் முகம் திருப்பும் பாடம். பிள்ளை அடிக்கும்போதோ கடிக்கும்போதோ இது இல்லை. உடனே கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும். கத்தல், சிணுங்கல், அடம் இவற்றுக்கு மட்டும்தான். அப்போது பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, உடம்பை லேசாக வேறு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் காது பிள்ளையிடமே இருக்கவேண்டும். அது மூச்சு வாங்க நிறுத்துகிற அந்தக் கணத்தில் திரும்பி, ஒன்றுமே நடக்காதது போல், "அட, பொம்மைக்குச் சட்டை போடுவோமா" என்று பேசிவிட வேண்டும். ஏன் அழுதாய் என்று கேட்கக் கூடாது. மன்னிப்புக் கேள் என்று நிற்கக் கூடாது. முதல் வார்த்தை பெரியவர்களுடையது. டாக்டர் எங்களிடம் சொல்வார்: "முகத்தைத் திருப்பத் தெரியாத ஆள் மதுரையிலயே கிடையாது ஸ்டெல்லா. மறுபடி பார்க்கத்தான் சொல்லிக்கொடுக்கணும்."

இனி கார்த்திகாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா பாண்டி, சொந்த நிலத்தில் விவசாயம், வாடகைக்கு டிராக்டரும் ஓட்டுவார். அம்மா முத்துலட்சுமி. கார்த்திகாவுக்கு அப்போது ஏழு வயது. சோற்றுத் தட்டை வீசுவாள். தம்பியின் கன்னத்தில் பல் பதியக் கடித்திருந்தாள். பள்ளியில் ஒரு பிள்ளையின் தலையில் டிபன் பாக்ஸால் அடித்ததில் ரத்தம் வந்து, வருடம் முடிந்ததும் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று பாண்டி முடிவு செய்திருந்தார்.

"அதுக்குள்ள இவள நான் சரி பண்ணிரணும் டீச்சர். இல்லேன்னா ஹாஸ்டல்தான்னு இவுக சொல்லிட்டாக. ராத்திரி என் சேலையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். அத எப்புடி டீச்சர் விட்டுட்டு இருப்பேன்?" என்று முத்துலட்சுமி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டோம். வலிப்பு வந்ததா, கீழே விழுந்தாளா, வீட்டில் ஏதும் சாவு நடந்ததா, அப்பா குடிப்பாரா, அடிப்பாரா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில். நாலு வயது வரை தங்கமான பிள்ளையாம், அப்புறம்தான் இப்படி ஆகிவிட்டதாம். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

முத்துலட்சுமி மாதிரி ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை. வாராவாரம் இடுப்பில் மகனும் கையில் மகளுமாக வருவாள். காதில் நான் ஒன்று சொன்னால் அதைத் தன் பேச்சாக மாற்றி, இரண்டாகச் சொல்லுவாள். வீட்டில் மாடு கட்டும் இடத்தில் சாக்கை விரித்துப் போட்டுத் தினமும் விளையாடினாள். கார்த்திகா தட்டு வீசுவது குறைந்தது. ஒரு நாள் சொப்பில் பொய்ச் சோறு ஆக்கித் தம்பிக்கு ஊட்டியும் விட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டர்கூட மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பாண்டி மட்டும் ஒரு தடவையும் வரவில்லை. பொம்பளைகள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டாராம்.

பிறகு மூன்றாவது பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பினோம். ஊரில் திருவிழா வந்ததால் அடுத்த ஓரிரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது பாண்டியும் கூட வந்திருந்தார். வெள்ளை வேட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல டீச்சர்? பேச்ச நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொன்னீக. நிறுத்துனோம். பெட்டிப் பாம்பா அடங்கிட்டா. இப்ப ஒரு சத்தம் கெடையாது."

கார்த்திகா பாயின் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கட்டையைத் தொடவில்லை. சொப்பைத் தொடவில்லை. முத்துலட்சுமி கூப்பிட்டாள், அவள் திரும்பவில்லை. நான் கூப்பிட்டேன், அப்போதும் திரும்பவில்லை. வகுப்பறையில் எத்தனையோ மௌனம் பார்த்தவள் நான். இப்படி ஒன்றை ஏழு வயது முகத்தில் பார்த்ததில்லை.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு நாள் கார்த்திகா எதற்கோ கத்தியிருக்கிறாள். பாடத்தில் சொன்னபடி முத்துலட்சுமி முகத்தைத் திருப்பியிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த பாண்டிக்கு இந்த ஒரு பாடம் மட்டும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. வீட்டில் யாரும் இவளோடு பேசக் கூடாது, இவளே வந்து தப்பு என்று சொல்லட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். கத்தி முடித்து அவள் அடங்கினாள். யாரும் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. சோறு போட்டார்கள், தலை சீவிவிட்டார்கள், பேசவில்லை. முத்துலட்சுமி அவருக்குத் தெரியாமல் மாட்டுத் தொழுவத்தில் வைத்து, "பேசு தாயி" என்று கெஞ்சியிருக்கிறாள். அதற்குள் பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது.

"ஏழு வயசுப் புள்ள வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?" என்று நான் பாண்டியிடம் பாய்ந்தேன். இன்னும் என்னென்னவோ சொல்லியிருப்பேன். டாக்டர் என் கையைத் தொட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்.

"உங்க வீட்டுல இதுக்கு முன்னால யாராவது யாரோடயாவது பேசாம இருந்திருக்கீங்களா?"

பாண்டியின் சிரிப்பு போய்விட்டது. முத்துலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"இவுக அண்ணனும் இவுகளும் பேச்சு வார்த்த கெடையாது, டாக்டரம்மா. இவளுக்கு நாலு வயசா இருக்கையில, கெணத்து மோட்டார் ரூம் யாருக்குங்கிறதுல வந்துச்சு. ஒரே வீடுதான். நடுவுல செவுரு வச்சுட்டோம்."

"கார்த்திகா அவர்கிட்டப் பழகுவாளா?"

"பழகுறதா? அவுகளுக்குப் புள்ள இல்ல. இவள எறக்கியே விட மாட்டாக. தோள்ல தூக்கி வச்சுக்கிட்டே வயலுக்குப் போவாக. செவுரு வச்ச மறுநா காலையில இவ வழக்கம் போல பெரியப்பான்னு ஓடுனா. அவுக மொகத்தத் திருப்பிட்டுப் போயிட்டாக. இவ ரோட்டுல நின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தா. சின்னப் புள்ளதானே, மறந்துரும்னு நெனச்சோம்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சாவு உண்டா, வலிப்பு உண்டா என்று கேட்டோம். உயிரோடு ஒரு மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டதை யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் அது சொல்லவேண்டிய சங்கதியாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சு நிற்பது அவ்வளவு சகஜம். பாண்டியின் அப்பாவே தன் கூடப் பிறந்த தங்கையோடு சாகும்வரை பேசவில்லையாம். முதலில் பேசுகிறவன் தோற்றவன். இந்த முகம் திருப்பும் பாடத்தை எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ. கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது என்று ஒன்று அவர்கள் வீட்டில் இருந்திருக்கும். கார்த்திகா பார்த்த வீட்டில் ஒருவர் முகத்தைத் திருப்பினால் அவர் போனவர் போனவர்தான். அப்பாவும் அப்படிப் போய்விட்டார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அன்று பாண்டியைப் பாயில் உட்கார வைத்தோம். நான் அவர் காதில் சொன்னேன்: "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே. அது போதும்." அவர் வாயைத் திறந்தார், மூடினார். மகளின் முதுகைப் பார்த்தார். கடைசியில் கண்ணாடிப் பக்கம் திரும்பி, "வரல டீச்சர்" என்றார். வீம்பு இல்லை அது. நிஜமாகவே அவருக்கு வரவில்லை. அதுவரை அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் அழுகையாக மாறிவிட்டது.

டாக்டர் ஒரே ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தார். "பாப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய், அவ பார்க்க உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. சாப்பிட்டியான்னு கேட்டாக்கூடப் போதும். நின்னுபோன பேச்சு மறுபடி வரும்னு அவ கண்ணால பார்க்கணும்."

"அது நடக்காது டாக்டரம்மா. வேற ஏதும் மருந்து இருந்தாக் குடுங்க" என்றார் பாண்டி. அதோடு அவர்கள் வருவது நின்றுவிட்டது. சில வாரம் கழித்து முத்துலட்சுமி போனில் அழுதாள். பேசாத பிள்ளையை வீட்டில் வைத்து என்ன செய்வது, ஜூனில் மேலூர் விடுதிதான் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம். நான் ஊருக்கே போகிறேன் என்று குதித்தேன். டாக்டர், "நீ போய்ச் சத்தம் போட்டா அந்தச் சுவர் இன்னும் ஒரு வரிசை ஏறும்" என்றார்.

கோடையில் ஒரு நாள் அவர்கள் சொல்லாமல் வந்து நின்றார்கள். பாண்டியின் தலை மொட்டையாக இருந்தது, மீசையும் இல்லை. எங்களுக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது.

அண்ணன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, வரப்பிலேயே முடிந்துவிட்டார். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதானே கொள்ளி வைக்கவேண்டும். முத்துலட்சுமி எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இவுக செவுரச் சுத்திக்கிட்டு ஓடுனாக, டீச்சர். அண்ணன் மூஞ்சியோட மூஞ்சிய வச்சுக்கிட்டு, அண்ணே, நான் வந்துருக்கேண்ணே, ஒரு வார்த்த பேசுண்ணேன்னு கதறுனாக. பாக்க முடியல. இவ தூணப் புடிச்சுக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு பொட்டு அழுகல."

பாண்டி யாரும் சொல்லாமலே பாயில் போய் உட்கார்ந்தார். இயர்போனை அவரே எடுத்துக் காதில் மாட்டினார். கார்த்திகா பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு சொப்பு. நான் அடுத்த அறையில் போனைக் கையில் எடுத்து இணைப்புப் போட்டு, என்ன சொல்லலாம் என்று யோசிக்கும் முன்பே அவர் குரல் கேட்டது.

"கார்த்திகா."

அவள் திரும்பினாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மொட்டைத் தலையைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, பயந்த குரலில் கேட்டாள்.

"நான் சாகப்போறனாப்பா?"

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. பேச்சை நிறுத்திய ஒருவரிடம் அப்பா தானாகப் போய்ப் பேசி அவள் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஆளுக்கு உயிர் இல்லை. இப்போது அப்பா அவளிடம் பேசுகிறார். அவள் கணக்குப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

பாண்டி கண்ணாடிப் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். டாக்டர் என் கையிலிருந்த போனை வாங்கி இணைப்பைத் துண்டித்தார்.

காதில் சத்தம் அற்றுப்போனது பாண்டிக்குத் தெரிந்திருக்கும். இயர்போனைப் பிடுங்கிக் கீழே போட்டார். "இல்லம்மா, சாகமாட்டே. சும்மாதான்மா கூப்புட்டேன். அப்பா சும்மாதான் பேசுறேன்" என்றார். தொழுவத்தில் முத்துலட்சுமி விளையாடும்போது அந்த முதல் பாடம் அவர் காதில் விழுந்திருக்கும் போல. தட்டுத் தடுமாறி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நீ சொப்பு வச்சிருக்கே. செவப்புச் சொப்பு. அத இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துறே. என்னயப் பாக்குறே" என்று சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் சேலைத் தலைப்பை எடுத்தார். அன்று அவர் துடைத்தது மூக்குக் கண்ணாடியை இல்லை.

கார்த்திகா விடுதிக்குப் போகவில்லை. சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்க அம்மா கிடைத்தாள். பேச்சும் மெல்ல வந்தது, நாங்கள் எடுத்ததிலேயே நீளமான பயிற்சி அதுதான். எமிலி டாக்டர் இருந்தவரை அதை வெற்றி என்று யாரும் சொல்ல அவர் விடவில்லை. பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே அவரிடம் பாண்டி சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கவேண்டிய பாடம் அது.

போன வாரம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பாண்டியைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைத்துவிட்டது. கார்த்திகா இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாளாம், அவளே ஆசைப்பட்டு விடுதியில் தங்கியிருக்கிறாளாம். நல்ல பிள்ளை, அதட்டிப் பேசுவதே இல்லை என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். இன்னமும் அவளா மொதல்ல பேச மாட்டா. நானாத்தான் தெனமும் கூப்புடணும்" என்றவர், "இருங்க, காலேஜ் விட்டுருக்கும்" என்று போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

பஸ் சத்தத்தில் மற்றவரைப் போலவே அவரும் கத்தித்தான் பேசினார். அதனால் எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் போனை எடுத்தவுடன், அவள் ஹலோ சொல்வதற்குக்கூட இடம் கொடுக்காமல், அவசர அவசரமாக அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"எல்லாரும் நல்லாருக்கோம்மா. ஒண்ணுமில்ல. அப்பா சும்மாதான் பேசுறேன்."